பாபின் எந்தப் பக்கம் சுற்றும்?

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு படுதாக் கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் மிதி மெஷினில் ஜாக்கெட் தைத்துப் பழகியவள். கடையில் இருந்ததோ மோட்டார் வைத்த பெரிய மெஷின். கால் பலகையை லேசாக அழுத்தினாலே துணியோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அதில் பாபின் மாட்டுவது என் பொறுப்பு. அடிநூல் சுற்றிய அந்தச் சின்ன உருளையை, வீட்டு மெஷினில் எப்படிப் போடுவேனோ அப்படியே அதன் இரும்புக் கூட்டுக்குள் போட்டு மாட்டினேன். மெஷின் ஓடியது. ஏலக்காய்க்குத் துணிப்பை தைத்துத் தள்ளினோம். யாரும் குறை சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஜீப்புக்குக் கூரைப் படுதா தைத்தோம். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி. மறுநாள் டிரைவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கடைவாசலில் நின்றார். வெளியே ஜீப்பில் கம்பிகள் மட்டும் இருந்தன.

"கூரை எங்கப்பா?" என்று முதலாளி கேட்டார்.

"நாங்க ரோட்டு வழியா வந்தோம் மொதலாளி. கூரை குறுக்கு வழியில குரங்கணிக்குப் போயிருச்சு."

ஒரு வளைவில் காற்று உள்ளே புகுந்ததும் தையல் ஒரு மூலையிலிருந்து விட்டுக்கொண்டே வந்ததாம். படுதா மேலே எழும்பி, பள்ளத்தைத் தாண்டி, பறந்தே போய்விட்டதாம். வண்டியில் இருந்த பெண்கள் பயத்தில் அதைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கம்பியில் ஒட்டிக் கிடந்த ஒரு துண்டை மட்டும் டிரைவர் கொண்டுவந்திருந்தார். நூல் முனையைப் பிடித்து இழுத்தேன். மொத்தத் தையலும் என் கையோடு வந்துவிட்டது.

முதலாளி மெஷின் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பார்த்தார். "மேக்க பாத்துல்ல கெடக்கு! கேரளாவையே பாத்துக்கிட்டிருந்தா நம்ம சோலி எப்படி நடக்கும்? கெழக்க திருப்புங்கப்பா."

நாலு பேர் சேர்ந்து திருப்பினார்கள். முக்கால்வாசி திரும்பியதும் ஒயர் எட்டவில்லை. வடகிழக்கில் நின்றுவிட்டது. "ஈசான மூலை. இன்னும் விசேசம்" என்றார். கால் பலகைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். மிதித்தேன். சாறு என் சேலையில் தெறித்தது. தையல் அதே தையல்தான். மேல் நூல் கோடு கிழித்தது போலப் படுத்துக் கிடந்தது, அடிநூல் அதைப் பிடிக்கவே இல்லை.

மெஷினோடு வந்த படத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் பாபின் படமும் இருந்தது. ஆயுத பூசையன்று கூட வேலை பார்த்த அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தபோது அதற்கும் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். அந்தப் பொட்டின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

"ஏத்தா! சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறியே!" என்று அக்கா கத்தினார்.

பொட்டுக்குள் ஒரு அம்புக்குறி இருந்தது. நூலை இழுத்தால் பாபின் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டும் அம்பு. நான் இத்தனை மாதமும் அதற்கு நேர் எதிராகப் போட்டிருந்தேன். அதனால்தான் அடிநூல் இறுகாமல் தொளதொளவென்று வந்திருக்கிறது. பழி திசைமேல் விழுந்திருந்தது, பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் டிரைவர் இன்னும் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, தப்பு என்னோடதுதான். பாபின மாத்திப் போட்டுட்டேன்."

அவர் நம்பவில்லை. "இத்தினிக்கூண்டு உருளை எந்தப் பக்கம் சுத்துனா என்னம்மா? சரி, எந்தப் பக்கம் சுத்தணும்?"

"கோயில் சுத்துற மாதிரி."

அவர் உடனே மெஷினை வலம் வந்தார். டிரைவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவந்து, "மேல இருந்து பாத்தா ஒரு பக்கம், கீழ இருந்து பாத்தா இன்னொரு பக்கம். பாபின் எங்க இருந்து பாக்குது?" என்று கேட்டார். இருவரும் வழியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா பக்தியோடு பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அவர்களை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தபடி பாபினைப் போட்டேன். நூலைக் கூட்டின் பிளவு வழியாக இழுத்துத் தகட்டுக்கு அடியில் கொண்டுவந்தேன். இழுத்துப் பார்த்தேன், அம்பு காட்டிய பக்கம் சுற்றியது. நூலைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிட்டு லேசாகச் சுண்டினேன். கொஞ்சம் இறங்கி நின்றது, நூலின் இறுக்கம் சரி. மெஷினில் மாட்டியதும் டிக்கென்று சத்தம் கேட்டது. இரண்டு படுதாத் துண்டுகளைச் சேர்த்து ஒரு தையல் ஓட்டினேன். கையால் பிய்த்துப் பார்த்தேன், அசையவில்லை.

முதலாளிக்கு அது போதவில்லை. துணியின் இரண்டு முனைகளையும் கயிற்றால் விட்டத்தில் கட்டச் சொல்லி, தொட்டில் போல அதற்குள் ஏறி உட்கார்ந்தார். நல்ல கனமான மனிதர். "ஆட்டுங்கடா" என்றார். டிரைவர் ஆட்டினார். கயிறு அறுந்தது. முதலாளி தடாலென்று தரையில் விழுந்தார். நாங்கள் ஓடிப் போய்த் தூக்குவதற்குள், மல்லாந்து கிடந்தபடியே தையலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"விடல பாத்தியாம்மா! கயிறுதான் போச்சு!"

அன்று சாயங்காலத்துக்குள் புதுக் கூரை தைத்து மாட்டினேன். அடுத்த வாரம் அதே ஜீப்பில், எஸ்டேட்டில் இருந்த என் சித்தியைப் பார்க்கப் போனேன். இருபுறமும் உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு கையால் படுதாவைப் பிடித்தபடியே வந்தார்கள்.

"பயப்படாதீங்க ஆத்தா. இது நான் தச்சது" என்றேன்.

"போன தடவையும் நீதானா?"

"ஆமா."

மற்றொரு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.