கிருபை அக்கா எழுந்திருக்காத பெஞ்சு

கிருபை அக்காவைப் பத்தி யாராவது "பாவம், தங்கமான மனுஷி"ன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவங்க பட்ட பாட்டை ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிட்டுப் போற ஆளுங்களைக் கண்டாலே எனக்கு ஆவறதில்ல. நான் சொல்றேன், கேளுங்க. எனக்குத்தான் தெரியும். ஏன்னா அவங்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவளே இந்தக் கனகாதான்.

முழுப்பேரு தேவகிருபை. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு கிராமம், எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க. தர்மராஜ் அண்ணனைக் கட்டிக்கிட்டு விருத்தாசலம் வந்தாங்க. புள்ளைங்க இல்ல. இங்க வரிசையா பீங்கான் கம்பெனி இருக்குதே, அதுல ஒரு சின்ன கம்பெனியில அண்ணன் சூளை பாத்தாரு. அக்காவும் நானும் எதிரெதிரா உக்காந்து ஊறுகா ஜாடிக்குப் பிசிறு தேய்ப்போம். அச்சுல இருந்து எடுத்த பச்சை ஜாடியில ஓரமா நீட்டிக்கிட்டு இருக்கிற மண்ணைச் சுரண்டி, ஈரத்துணியால வழிச்சு வெக்கிற வேலை. ஓயாம பேசறது நானு. "உம்" கொட்டறது அவங்க.

சூளையில ஏத்தறதுக்கு முன்னாடி ஜாடி நல்லா காஞ்சிருக்கணும். ஈரம் இருந்துதுன்னா சூடு ஏற ஏற வெடிச்சிடும். ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கிறதும் சேந்து போவும். காஞ்சிடுச்சான்னு பாக்க மிஷினு ஒண்ணும் கெடையாது. ஜாடியை எடுத்துக் கன்னத்துல ஒத்திப் பாக்கணும். ஜில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம். அதைப் பாத்துச் சொல்றது என் பொறுப்பு. ரெண்டாயிரத்து ரெண்டு, ஐப்பசி மழை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவணும்னு கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நின்னேன். முன்வரிசையில நாலு ஜாடியை ஒத்திப் பாத்தேன். "எல்லாம் காஞ்சிடுச்சுண்ணே, ஏத்துங்க"ன்னு தர்மராஜ் அண்ணன்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டேன். பின்வரிசையைத் தொடக்கூட இல்ல.

சூளை மொத்தமும் போச்சு. நீதான் தீயைச் சட்டுனு ஏத்திட்டேன்னு ஓனரு அண்ணனைப் புடிச்சிக்கிட்டாரு. "குடிச்சிட்டு வந்தியா?"ன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு. பீடிகூடப் பிடிக்காத மனுஷன் அவரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணன் ஒடைஞ்ச ஓட்டைக் கையில எடுத்துப் பாத்துட்டு, அப்புறம் என்னைப் பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா சொல்லல. நானும் வாயைத் தெறக்கல, படுபாவி.

சூளையைக் கெடுத்தவருன்னு பேரு வந்துட்டா அப்புறம் இங்க ஒருத்தனும் கிட்ட சேக்க மாட்டான். குஜராத்துல பீங்கான் வேலை இருக்குதுன்னு ரயில் ஏறிப் போனாரு. ஏழாவது மாசம் மூளைக்காய்ச்சல்ல செத்துட்டாருன்னு போனு வந்துது. அங்கேயே பொதைச்சிட்டாங்க. அக்காவால அவரு முகத்தைக்கூடப் பாக்க முடியல. அழ வந்த சனத்துக்கு நடுவுல நான் அவங்க கால்ல விழுந்து, "ஈரம் பாக்காம சொன்னது நான்தான் அக்கா"ன்னு கத்திட்டேன். அவங்க காலை உள்ள இழுத்துக்கிட்டாங்க.

வேற கம்பெனிக்குப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். பத்தாம் நாளு வந்து எனக்கு எதிர்லயே உக்காந்தாங்க. பேச்சு மட்டும் கெடையாது.

அவங்க சர்ச்சுல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ராப்போஜனம். அப்பமும் திராட்சை ரசமும் குடுப்பாங்க. அவங்களுக்கு அதைவிடப் பெரிசு ஒண்ணும் இல்ல. முன்னாடி நாளு சனிக்கிழமையே ஐயர்கிட்ட பேரு குடுத்துடணும். ஐயருன்னா அவங்க பாஸ்டரு. யார்மேலயாவது பகை இருந்தா அதைத் தீத்துட்டுத்தான் பேரு குடுக்கணுமாம். வரப்புச் சண்டையில பேச்சு வார்த்தை அத்துப் போனவங்கல்லாம் கூசாம பேரைக் குடுத்துட்டு வரிசையில போய் முட்டி போடுவாங்க. அக்கா குடுக்கல. சர்ச்சைப் பெருக்கிற பெரியம்மாள் எங்க தெருதான், அவங்கதான் வந்து சொன்னாங்க. ஐயரு வூட்டுக்கே போய்க் கேட்டாராம். "கனகா மேல எனக்குப் பகை இருக்குதுங்க ஐயரே. இல்லன்னு பொய் சொல்லிட்டு வந்து கை நீட்ட மாட்டேன்"னு சொல்லிட்டாங்களாம். எல்லாரும் எழுந்து முன்னாடி போவ, அவங்க மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்களாம்.

புருஷன் என்னாலதான் போனாரு. சாமியும் என்னால போனா அந்த மனுஷிக்கு என்னாதான் மிச்சம்? அவங்க அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கணும்னு பழமலைநாதருக்கு வேண்டிக்கிட்டேன். சிரிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டதானே நான் கேக்க முடியும்?

மூணு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், அவங்க டிபன் பாக்ஸுல இருந்த கத்திரிக்கா பொரியலை ஒரு கரண்டி எடுத்து என் பாக்ஸ் மூடியில வெச்சாங்க. என் முகத்தைப் பாக்கல. மறுநாளும் வெச்சாங்க. நாலாம் நாளு எனக்குப் பொறுக்கல. "என்னா அக்கா, மன்னிச்சிட்டீங்களா?"ன்னு பல்லைக் காட்டிக்கிட்டுக் கேட்டேன். அத்தனை மாசத்துக்கும் சேத்து அன்னிக்குத்தான் வாயைத் தெறந்தாங்க. "உன்மேல எனக்கு அன்பு இருக்குதுன்னு நெனச்சிக்காத கனகா. இல்ல. இல்லாததாலதான் வெக்கிறேன். இருந்தா அது தன்னால வரும். இல்லாதப்ப பழகிக்கத்தான் வேணும்."

"உங்க பழக்கத்துக்கு நான்தான் கெடைச்சேனா?"ன்னு மூடியைத் தள்ளி விட்டேன். எனக்கும் ரோஷம் இருக்குது இல்ல? அவங்க மறுபடியும் என் பக்கம் நகத்தி வெச்சாங்க. சாப்பிட்டுத் தொலைச்சேன். நல்லாதான் இருந்துது.

அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்கப் போறீங்க. எங்க? அடுத்த மழைக்காலம். நான் ஜாடியை ஒண்ணொண்ணா கன்னத்துல ஒத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு எழுந்து வந்து என் கையில இருந்த ஜாடியைப் புடுங்கி செவுத்துல அடிச்சாங்க. "இப்ப மட்டும் பாக்கறியே! அன்னிக்கு எங்கடி போச்சு உன் கன்னம்?" கம்பெனியே திரும்பிப் பாத்துது. பாத்ரூமு பக்கம் போய் ரொம்ப நேரம் நின்னுட்டு வந்து, செதறின ஓட்டையெல்லாம் அவங்களே பொறுக்கினாங்க. அன்னிக்கும் மத்தியானம் மூடியில பொரியல் வெச்சாங்க. அதைத்தான் நான் சொல்றேன், தங்கமான மனுஷின்னு சும்மா சொல்லிட்டுப் போவாதீங்கன்னு. அந்த ஒரு கரண்டிக்கு அவங்க எவ்ளோ பாடுபட்டாங்கன்னு நான் எதிர்ல உக்காந்து பாத்தேன்.

இப்படியே நாலு வருஷம் ஓடுச்சு. எப்ப பேச ஆரமிச்சோம், எப்ப சிரிச்சோம்னு எனக்கே தெரியல. ஆனா அவங்க மட்டும் பேரு குடுக்கல. அது ஏன்னுதான் எனக்குப் புரியல.

ரெண்டாயிரத்து ஏழு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வூட்டுக்கு வந்தாங்க. என் பொண்ணு துர்கா வெளியில வெளையாடப் போயிருந்தா. மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு எனக்குத் தலைகால் புரியல. பாயை விரிச்சு உக்கார வெச்சேன்.

"நீ என்னை மன்னிக்கணும் கனகா"ன்னாங்க.

"என்னாக்கா, மாத்திச் சொல்றீங்க?"

"இல்ல, சரியாத்தான் சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன துர்காவுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தா இல்ல? அப்ப நான் அவ சாகட்டும்னு நெனச்சேன். நான் பட்டதை நீயும் படணும்னு நெனச்சேன். ஒரு நாள் இல்ல, மூணு நாளு. கஞ்சி வெச்சு எடுத்தாந்து குடுத்தேனே, அதைக் கிண்டும்போதுகூட நெனச்சேன். உன்மேல இருந்த பகை எப்பவோ போயிடுச்சு. இது போவல. உன்கிட்ட சொல்லாம நான் ராப்போஜனப் பந்திக்குப் போவ முடியாது."

"என் புள்ள உனக்கு என்னாடி பண்ணா?" அக்கான்னு கூப்பிட்ட வாயால டின்னு சொல்லிட்டேன். "எழுந்திரு! வெளிய போ! இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

"சரி கனகா"ன்னு எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

விடிஞ்சும் எனக்கு ஆத்திரம் அடங்கல. துர்காவுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். அந்தக் கழுத்தைப் பாக்கப் பாக்க எனக்குக் கொதிச்சுது. இதையா சாகட்டும்னு நெனச்சா? அப்பத்தான் சுருக்குன்னு உறைச்சுது. அவங்க நெனச்சாங்க, அவ்ளோதான். நான் நெனைக்கவே இல்ல, ஆனா செஞ்சே முடிச்சிட்டேன். புத்திக்கு அது புரியுது. மனசு மட்டும் எறங்கி வர மாட்டேங்குது, சனியன். ஒரு ராத்திரிக்கே எனக்கு நெஞ்சு இப்படி அடைக்குதே. இதை வெச்சிக்கிட்டு அவங்க நாலு வருஷம் என் எதிர்ல உக்காந்து ஜாடி தேய்ச்சாங்களே, எப்படி?

பாதிப் பின்னலோட துர்காவை இழுத்துக்கிட்டு ஆட்டோ புடிச்சேன். சர்ச்சு வாசலைக்கூட அதுவரைக்கும் நான் மிதிச்சதில்ல. உள்ள எல்லாரும் வரிசையா முன்னாடி போயிக்கிட்டு இருந்தாங்க. அக்கா மட்டும் தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் பெஞ்சுலயே இருந்தாங்க. நான் நேரா போய் அவங்க கையைப் புடிச்சேன். கோயில்ல எப்படிப் பேசணும், எது முறைன்னு எனக்கு என்னா தெரியும்?

"எழுந்திரு அக்கா. எனக்கு இன்னும் மனசு ஆறல, ஆறறப்ப ஆறட்டும். உன்மேல எனக்குப் பகை வேணாம். நீ போ. இந்தா பாரு, என் புள்ள நல்லாதான் இருக்கா."

அவங்க துர்கா கன்னத்தை ரெண்டு கையாலயும் புடிச்சாங்க. "நான் பேரு குடுக்கலியே"ன்னாங்க.

முன்னாடி நின்ன ஐயரு காதுல அது விழுந்துடுச்சு. "இப்பத்தான் குடுத்தீங்க. வாங்கம்மா"ன்னாரு.

பெஞ்சைப் புடிச்சிக்கிட்டு எழுந்தாங்க. சர்ச்சே திரும்பிப் பாக்க, நடந்து போய் எல்லாருக்கும் கடைசியா முட்டி போட்டுக் கையை நீட்டினாங்க. நான் வாயில முந்தானையைப் பொத்திக்கிட்டும் முடியல, ஓன்னு அழுதுட்டேன். துர்கா பயந்துபோய் என் பொடவையைப் புடிச்சி இழுத்தா.

"ஏம்மா அழுவற? கிருபை பெரியம்மாவுக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலடி. நாலு வருஷமா பட்டினி. இப்பத்தான் சாப்பிடறாங்க."