மதியம் திரும்பிய பனி

என் கணவரின் அண்ணன், எனக்கு அத்தான், சுவிஸ்காரர். பிறந்தது மன்னார்தான், ஆனால் வாயைத் திறந்தால் சுவிஸ்தான் வரும். வருடா வருடம் பங்குனியில் பலெர்மோவுக்கு எங்களிடம் வருவார். வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து இத்தாலியைப் பழிப்பார். பஸ் நேரத்துக்கு வராது, குப்பை எடுக்கமாட்டார்கள், பல்லரோ சந்தையில் மீனுக்கு ஐஸ் போதாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் தினமும் திட்டுகிறேன். ஆனால் நான் இருக்கும் ஊரை நான் திட்டுவது வேறு, விருந்துக்கு வந்தவர் திட்டுவது வேறு. அத்தான் வருகிறார் என்றாலே எனக்குக் கொதி ஏறும்.

அவர் பெரிதாக விண்ணாணம் காட்டிப் பீற்றிக்கொள்வது பனிச்சறுக்கில். பலெர்மோவில் ஏது பனி என்று கேட்பார்கள். காரில் போனால் மடோனி மலையில் பங்குனி வரைக்கும் பனி கிடக்கும். மூன்று வருடங்களாக அங்கே எங்களை இழுத்துக்கொண்டு போகிறார். என் கணவருக்கு ஞாயிறு மதியம் மொண்டெல்லோ கடற்கரையில் உணவக வேலை, அதனால் அவர் தப்பிவிடுவார். நானும் மகளும் அகப்படுவோம். மகள் முதல் வருடமே சறுக்கப் பழகிவிட்டாள். எனக்கு அந்த நீளப் பலகைகளைக் காலில் பூட்டினால் இன்றைக்கும் உடம்பு விறைத்துப்போகும்.

இந்த வருடம் நான் வீட்டிலேயே நின்றிருப்பேன். ஆனால் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அத்தான் மகளின் கதையை எடுத்தார்.

"இவளை அங்கை அனுப்புங்கோ," என்றார். "பள்ளிக்கூடம் முடிய எங்களோட நிண்டு தாதிப் படிப்புப் படிக்கட்டும். இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாள்?"

இஞ்சை இருந்து நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் படிகளைக் கழுவுகிறேன், அதே மாளிகையின் மேல்மாடியில் வயதான ஒரு சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கிறேன். என்னைப் போல ஆகிவிடுவாள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்கு விளங்கியது. நான் ஒருத்தியைத்தான் பெற்றேன், அவளை யாருக்கும் கொடுக்க முடியாது என்றேன். கணவர் மென்றுகொண்டே இருந்தார். அவருக்கு அண்ணன் முன்னால் நாக்கு எழும்பாது. மகள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளை மலையில் நாள் முழுக்க அவருடைய சுவிஸ் புராணத்துக்குக் காது கொடுக்க விடுவதில்லை, நானும் கூடப் போவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

விடியற்காலையே வெளிக்கிட வேண்டும் என்றார் அத்தான். வசந்தகாலத்துப் பனிக்குக் காலைதான் நல்லதாம். இரவில் இறுகிக் கிடப்பது வெயில் பட மேலாக மட்டும் இளகும். அந்தக் கொஞ்ச நேரம் பலகை வெண்ணெயில் போவதுபோலப் போகும். மதியம் திரும்பினால் அடிவரைக்கும் ஊறிக் கூழாகிவிடும், பிறகு அதில் இறங்குவது முழங்காலுக்குக் கேடு. அரை மணி நேரம் விளக்கினார். நான் கேட்டுவிட்டு, தவக்கால ஞாயிறு, பூசை காணாமல் நான் எங்கும் வெளிக்கிடமாட்டேன் என்றேன்.

எங்கள் மன்னார்க் கத்தோலிக்க ஆட்கள் எதை வேண்டுமானாலும் எதிர்த்துக் கதைப்பார்கள், பூசையை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பூசை முடிந்த பிறகும் நான் அவசரப்படவில்லை. கோயில் வாசலில் நின்று அறிந்தவர் அறியாதவர் எல்லோரிடமும் சுகம் விசாரித்தேன். அத்தான் காருக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் திரும்பிவிட்டது. அத்தான் சப்பாத்துக் காலால் பனியைக் கிளறினார். பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஊறி வந்தது. "பாத்தீரே, கூழ்," என்றார் என்னிடம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போனோம். காலையில் வந்தவர்கள் சறுக்கித் தள்ளிய பனி சரிவு முழுவதும் குவியல் குவியலாகக் கிடந்தது. அத்தான் வாத்தியார் வேலையைத் தொடங்கினார். இறுகின பனியில்தான் ஒரு காலில் பாரம் போட்டு பலகையின் ஓரத்தால் வெட்டித் திரும்பலாம், இதில் வெட்டினால் அந்தக் கால் புதையும். பாரம் இரண்டு காலுக்கும் சமமாக இருக்க வேண்டும். கால்களை அதிகம் அகட்டக் கூடாது. திரும்புவதென்றால் வெடுக்கென்று திரும்பாமல் பெரிய வட்டமாகத் திரும்ப வேண்டும். நிழலிலிருந்து வெயிலுக்குள் போகிற இடத்தில் பனி பலகையைப் பிடித்து இழுக்கும், அதற்கு முதலே ஆயத்தமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பின்னால் சாயவே கூடாது.

நான் பின்னால்தான் சாய்ந்தேன். ஈரமான சலவைக்கல் படிகளில் தண்ணீர் வாளியோடு இறங்கிப் பழகிய உடம்பு என்னுடையது. படியில் முன்னால் சாய்ந்தால் மூக்கு உடையும், அதனால் குதிக்காலில் பாரத்தைப் போட்டு முதுகை இழுத்துப் பிடித்துத்தான் இறங்குவேன். மலையிலும் அதையே செய்தேன். பலகையின் முனை எழும்பியது, பின்பக்கம் புதைந்தது, நான் பக்கவாட்டில் விழுந்தேன். எழும்பினேன், திரும்பவும் விழுந்தேன். கழுத்துக்குள் பனி போய் உருகி முதுகால் இறங்கியது.

"குந்தி இருக்கிற மாதிரி நிக்கிறீர். நெஞ்சு முன்னுக்கு வரவேணும்," என்றார் அத்தான்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. பிழையாகச் சொல்லியிருந்தால் ஒருமுறை சிரித்துவிட்டாவது போயிருப்பேன். எனக்குப் பிள்ளை வளர்க்க நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை, பனியை மட்டும் படிப்பியுங்கள், என் பிள்ளையைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் போன இத்தாலியர் இருவர் நின்று பார்த்தார்கள். அத்தான் தடியை ஊன்றித் திரும்பி, அலுங்காமல் நலுங்காமல் கீழே போய்ச் சரிவின் அடியில் நின்றார். என் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் போனதற்காக அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மகள் என்னைத் தூக்கி நிறுத்தினாள். கையை விடவில்லை.

"அம்மா, பெரியப்பாவை ஏசாதேங்கோ. அவர் என்னைக் கேக்கேல்லை. நான்தான் அவரைக் கேட்டனான். மார்கழியிலயே மெசேஜ் போட்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னத்தைக் கேட்டாய் என்றேன்.

"அங்கை வரலாமோ எண்டு."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. அதைக் கவனித்தேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீங்கள் அழுவியள். பெரியப்பா சொன்னா சண்டை பிடிப்பியள். சண்டை எண்டா பரவாயில்லை."

இதைத்தான் இருவரும் சேர்ந்து ஒழுங்கு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது பயத்தில் அல்ல. அந்த மனிதர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்செல்லாம் அவளுக்காக வாங்கியது. அவளை ஒரு அறை அறைய வேண்டும்போல இருந்தது, கட்டிப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. காலில் அந்த நீளப் பலகைகளோடு இரண்டும் நடக்காது. கையை உதறிவிட்டுக் கீழே பார்த்தேன். அத்தான் சின்னதாகத் தெரிந்தார். என் பிள்ளை மார்கழியில் மெசேஜ் போட்டாள், இந்த மனிதர் பங்குனிவரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் வெளிக்கிட்டேன்.

பின்னால் சாய எனக்கு நேரம் இருக்கவில்லை. குவியல்கள் பலகைக்கு அடியில் உடைந்து விலகின. மர நிழல் முடிந்து வெயில் தொடங்கிய இடத்தில் பனி காலைப் பிடித்து இழுத்தது, முழங்கால் மடிந்து கொடுத்தது. அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, என்னென்ன கேட்பது என்று அடுக்கிக்கொண்டு, ஒரு தடவைகூட விழாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இப்பதான் சரியா வந்தீர்," என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கையுறையைக் கழற்றினார், திரும்பவும் போட்டார்.

அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகளின் வரிசை குழம்பிவிட்டது. இவர் வீட்டில் அவள் எந்த அறையில் படுப்பாள், காய்ச்சல் வந்தால் இவருடைய மனைவி, அந்த அக்கா, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாரா என்று நினைத்தேன். மேலே நின்ற பிள்ளை கையைக்கூட அசைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். நான் அத்தானைத் திட்டுகிற அதே குரலில்தான் சொன்னேன்.

"அவளுக்கு விடிய எழும்பின உடன சாப்பாடு இறங்காது. அக்காவிட்டைச் சொல்லுங்கோ, வற்புறுத்த வேண்டாம் எண்டு."