விழுந்த துவாய்

தங்கரத்தினம் லோஞ்ச் படகுகள் கட்டுகிற ஜெட்டியடியில் வாகனம் கழுவ இடம் பிடித்து நாலு மாதமாகியும், அவளை நம்பி ஒருவரும் முழு வாகனத்தைக் கொடுக்கவில்லை.

"ரயரை மட்டும் கழுவுங்கோ அக்கா. பொடியில, மேல் பெயின்றில கை வைக்க வேண்டாம்."

முதலில் அப்படிச் சொன்னவன் மஹ்ரூப். தொண்டு நிறுவனமொன்றின் கறுப்புப் பிராடோவுக்குச் சாரதி. சாரதிமார் ஆளை ஆள் பார்த்து அதையே சொன்னார்கள். அவள் ரயரைக் கழுவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள்.

கடல் பொங்கி வந்து போன பிறகு திருகோணமலையில் வெள்ளைக்காரரின் வாகனங்கள் பெருத்திருந்தன. சமாதானம் என்ற பேச்சு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. சென்றியில், சோதனைச் சாவடியில், ஆமிக்காரன் வாகனத்துக்கடியில் கண்ணாடி பிடித்துப் பார்ப்பான். மேலே மினுங்கினால் வெள்ளைக்காரர் சந்தோசப்படுவார்கள். இரத்தினசிங்கத்தின் சேர்விஸ் ஸ்ரேசனுக்கு அது நல்ல காலம். தங்கரத்தினம் அங்கே ஆறு வருசம் வேலை செய்தவள். துணி தோய்க்கச் சேர்ந்தவள், பிறகு பொடி துடைக்கிற இடத்துக்கு வந்தாள். கையால் தொட்டே துணியின் குணத்தைச் சொல்லிவிடுவாள். அங்கே அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: நிலத்தில் விழுந்த துணி பிறகு பெயின்றில் படக்கூடாது. ஒரு மணல் போதும், கோடு விழுந்துவிடும்.

அங்கே அவளுடைய கடைசி நாளன்று மஹ்ரூப்பின் பிராடோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் துவாய் ஒன்று சீமெந்தில் விழுந்தது. அவள் குனிவதற்குள் இரத்தினசிங்கம் அதை எடுத்தார். வெள்ளைக்காரன் வருகிறான் என்ற அவதியில் முன்மூடிப் பொனற்றை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மஹ்ரூப் அப்போது பக்கத்தில் இல்லை. வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் பொனற் முழுக்கச் சிலந்திவலை போலக் கீறல்.

"இவள்தான்" என்றார் இரத்தினசிங்கம், மஹ்ரூப்பையும் வெள்ளைக்காரனையும் வைத்துக்கொண்டு. "கிளிவெட்டியில எருமை தேய்ச்ச கை. இதிட்டப் பிராடோவைக் குடுத்தது என்ர பிழை. போ வெளியில!"

வெளியே போகும்போது அவள் ஒரே ஒரு சாமானைத்தான் எடுத்தாள். அந்த மஞ்சள் துவாய். தோய்க்கவில்லை. மணலோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

சொந்தமாகத் தொடங்கியபோது அலியாரின் கடைக்குப் போனாள். கொழும்பிலிருந்து வந்த மைக்ரோஃபைபர் துவாய்கள் மூன்று தரத்தில் இருந்தன. அவள் பையிலிருந்து ஒரு பழைய பாட்டு சீடியை எடுத்தாள்.

"துவாய் வாங்க வந்தனீங்களோ, பாட்டுக் கேக்க வந்தனீங்களோ?" என்றார் அலியார்.

"பாட வைக்கத்தான் அலியார் நானா."

சீடியின் மினுங்குகிற பக்கத்தில் ஒவ்வொரு துவாயின் ஓரத் தையலையும் அழுத்தித் தேய்த்தாள். மலிவான மஞ்சள் கட்டின் ஓரம் சீடியைக் கீறியது. நடுத்தரத்தின் துணி நல்லது, லேபல்தான் கீறியது. அதை வெட்டி எறியலாம். பிறகு வெடித்த விரல் நுனியால் தடவினாள். நல்ல இழை தோல் வெடிப்பில் கொழுவும், கொழுவாதது தண்ணியைத் தள்ளிக்கொண்டு போகும். தடித்த வெளிநாட்டுத் துவாயை ஆசையோடு தொட்டுவிட்டு வைத்தாள். கையில் இருந்த காசுக்கு நடுத்தரத்தில் நாலு நீலம் வந்தது. அது பொடிக்கு மட்டும். மலிவு மஞ்சள் ஒரு கட்டு ரயருக்கும் கதவிடுக்குக்கும். எஞ்சினுக்குப் பழைய சாரத் துணி காணும்.

நாலு மாதம் நீலத் துவாய்கள் மடிப்புக் குலையாமல் கிடந்தன.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு மூதூர் வியாபாரி ஸெய்னுதீன் ஹாஜியார் கடும் நீல டொல்பின் வான் ஒன்றைக் கொண்டுவந்து வாகை மரத்தின் கீழ் விட்டார். ஊர்க்கதை ஒன்றும் தெரியாத மனிசன்.

"வாங்கப் போறன் புள்ள. நல்லாக் கழுவி வையுங்க. தொழுது, சாப்பிட்டு மூணு மணிக்கு வாறன். உடமைக்காரரையும் இஞ்சதான் வரச் சொல்லியிருக்கன்."

"முழுக்கவோ ஹாஜியார்? பொடியும் துடைச்சு மினுக்கவோ?"

"பின்ன? பாதியைக் கழுவி என்ன செய்ய?"

அது இரத்தினசிங்கத்தின் வான். ஒருமுறை சண்டைக்குள் அகப்பட்டு இடது பக்கம் ஏழு துவக்குச் சூடு வாங்கியது. ஓட்டைகளைப் பட்டிப் பசை வைத்து நிரப்பி, பெயின்ற் அடித்து மறைத்திருந்தார்கள். ஆறு வருசமும் முதலாளி அவளுக்குச் சொன்னது, "இடப்பக்கம் தண்ணி அடிச்சால் போதும், மினுக்காதே." மங்கலாக இருக்கும்வரை அது தெரியாது.

தங்கரத்தினம் நீலத் துவாய் நாலையும் எடுத்தாள். ஒன்றால் ஈரம் ஒற்றினாள். ஒன்றால் பொலிஷ் இட்டாள். ஒன்றால் வழித்தாள். கடைசித் துவாயால் இடது பக்கத்தை மட்டும் மூன்று தரம் துடைத்தாள். ஒவ்வொரு தரமும் துவாயை மடித்துப் புதுப் பக்கம் மாற்றினாள். எருமை தேய்ச்ச கை, எருமை தேய்ச்ச கை என்று கை தன்பாட்டில் ஓடியது.

இரண்டரைக்கு மஹ்ரூப் ரயர் கழுவ வந்தான். அவனைக் கொண்டே வானை நிழலிலிருந்து வெளியே எடுப்பித்தாள். சாய்ந்த வெயில் இடது பக்கத்தில் விழுந்தது. கண்ணாடி போலிருந்த நீலத்தில் ஏழு இடத்தில் ஜெட்டிக் கொடிமரத்தின் பிம்பம் நெளிந்து உடைந்தது.

"அல்லாஹ்! இது சூடு வாங்கின வானல்லோ" என்றான் மஹ்ரூப். பிறகு பெயின்றைக் கிட்டப்போய்ப் பார்த்தான். "அக்கா, ஒரு கீறல் இல்லையே!"

அப்போது இரத்தினசிங்கத்தின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அவர் வானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீயோ? ஆர் உன்னை மினுக்கச் சொன்னது?"

"ஹாஜியார்."

"என்ன சொன்னனீ அவருக்கு?"

"ஒண்டும் சொல்லேல்லை. துடைச்சனான்."

"இந்தா தங்கம், அவர் வரப்போறார். மங்கப் பண்ணு. எண்ணெயையாவது பூசு."

"எண்ணெய் வெயிலில இன்னும் மினுங்கும் முதலாளி. மங்கப் பண்ணுறதுக்கெண்டு ஒரு துணி வைச்சிருக்கிறன். ஆனா நான் தேய்க்க மாட்டன்."

பொலித்தீன் பையை அவிழ்த்து மஞ்சள் துவாயை நீட்டினாள். ஓரத்தில் அவருடைய கடையின் சிவப்பு அடையாளம். அவர் கை பாதியில் நின்றது.

"இது என்னக்கா?" என்றான் மஹ்ரூப்.

"உங்கட பிராடோவைக் கீறின துவாய். ஆர் கையில இருந்ததெண்டு முதலாளியைக் கேளுங்கோ. சொல்லிப்போட்டு எடுக்கட்டும்."

பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"என்ர கையிலதான்! நான்தான் கீறினன். இப்ப தா!" என்று பறித்தார் இரத்தினசிங்கம். ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சூடு பட்ட இடங்களை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மாதக்கணக்கில் காத்திருந்த மணல் கர்ரென்றது. நெளிவு மங்கவில்லை, அதைச் சுற்றி ஏழு வெள்ளை வளையம் விழுந்தது. இனி எங்கே சூடு பட்டது என்று குருடனுக்கும் தெரியும். ஸெய்னுதீன் ஹாஜியார் பின்னால் வந்து நின்றதை அவர் காணவில்லை.

"நான் கழுவத்தானே குடுத்தன்" என்றார் ஹாஜியார். "நீங்க ஏன் உரிக்கிறீங்க?"

வளையமொன்றில் நகத்தால் தட்டினார். சத்தம் தகரச் சத்தமாக இல்லை, பட்டிச் சத்தம். வானில் கிடந்த சாவித் திறப்பை எடுத்து முன்னுக்கு வைத்துவிட்டு மூதூர் லோஞ்ச் நின்ற பக்கம் நடந்தார்.

இரத்தினசிங்கம் துவாயை விட்டெறிந்தார். மோட்டார்சைக்கிளை மறந்து, வானிலேறி, சென்றிக்காரன் கையைக் காட்டுமட்டும் நிற்காமல் போனார். தங்கரத்தினம் அந்த ஏழு வளையமும் மறையுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். போதவில்லை. இன்னும் ஏழு இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

மஹ்ரூப் பிராடோவின் திறப்பை அவளிடம் நீட்டினான். "பொடியையும் பாருங்கோ அக்கா."

பிறகு மண்ணில் கிடந்த மஞ்சள் துவாயை எடுக்கக் குனிந்தான்.

"தொடாதேயுங்கோ" என்றாள். "அது விழுந்தது."