ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது

டமார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரில் யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். மேஜைமேல் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்த டாக்டர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கன்னத்தில் குட்டி ஸ்க்ரூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஜோடித்த கதை இல்லை. பேய் என்றதும் சுடுகாடு, நாய் ஊளை, சலங்கைச் சத்தம் என்று ஆவலோடு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆரம்பித்தது வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், ஒரு ரிப்பேர் கடையில். டாக்டர் என்னிடம் இதைச் சொன்னபோது நான்கூடச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் உங்களிடம் ஒப்பிக்கிறேன்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. செல்போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பதால் தெருவே வைத்த பெயர். கீழே கடை, மேலே வீடு. மாடியில் மனைவி, பிறந்து மூன்று மாதமான இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் மற்றது அழும். ஒப்பந்தம் போட்டுக்கொண்ட மாதிரி முறை மாற்றி அழுவார்கள். டாக்டர் முழுசாக ஒரு ராத்திரி தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று யோசிக்க வேண்டும். யோசிக்கவும் தெம்பில்லை.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். நெஞ்சோடு ஒரு தலையணை உறையை அணைத்திருந்தாள். அதற்குள் தட்டையாக ஏதோ. கண்களுக்குக் கீழே கரி அப்பினமாதிரி கருவளையம். தினமும் கண்ணாடியில் பார்க்கிற கருவளையம்தான். ‘நம்ம கட்சி’ என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“என்னம்மா பிரச்சினை?”

“டேப்லெட்ணே. மாமனாரோடது. இதுல இருக்கறதை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தணும்.”

உறையிலிருந்து எடுத்து வைத்தாள். கண்ணாடி சிலந்தி வலையாக உடைந்திருந்தது. பின்பக்கம் பேட்டரி உப்பி, மூடி பிளந்துகொண்டு நின்றது.

“கீழ விழுந்துச்சா?”

“ஆமா.”

“எத்தனை தடவை?”

அவள் உறையை மடிக்க ஆரம்பித்தாள். டாக்டர் திரையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. டச் செத்துப்போயிருந்தது.

“உள்ள என்ன இருக்கு? போட்டோவா?”

“ரெகார்டிங். மாமா பேசினது. எல்லாம் வேணும்ணே. காப்பி பண்ணாதீங்க. அப்படியே எடுத்து அந்தப் பக்கம் போடுங்க. இதுல ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது.”

டாக்டருக்குக் கொஞ்சம் விநோதமாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ‘எதுவும் அழிஞ்சிடக் கூடாது’ என்றுதான் கெஞ்சுவார்கள். இவள் நேர்மாறாக இருக்கிறாளே.

“லாக் நம்பர் சொல்லுங்க.”

“தெரியாது.”

“சரியாப்போச்சு. மாமாவைக் கூட்டிட்டு வாங்க.”

“அவரால வர முடியாது.”

படுத்த படுக்கை போல என்று டாக்டர் எண்ணிக்கொண்டார். அவர் நல்ல மனுஷர். பொறுமையாக விளக்கினார். டேப்லெட்டில் நம்பரைப் போட்டுத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு வயரை இணைத்ததும், ‘இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா?’ என்று டேப்லெட் கேட்கும். அதன் திரையிலேயே யாராவது ‘அனுமதி’யைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒரு ஃபைல்கூட நகராது. டச் செத்த கேஸில் மவுஸைச் செருகி அழுத்தலாம். ஆனால் இதில் வயர் செருக இருப்பது ஒரே ஓட்டை. மவுஸைச் செருகினால் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. கம்ப்யூட்டரைச் செருகினால் மவுஸுக்கு வழியில்லை.

“புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டாதான் முடியும். ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள பேட்டரி வெடிக்காம இருக்கணும்.”

“ரெண்டு நாள் தாங்காதுண்ணே.” மேஜைமேல் கிடந்த வயரை எடுத்து நீட்டினாள். “சும்மா வயரை மட்டும் மாட்டிப் பாருங்களேன்.”

அந்த நேரம் பார்த்து மாடியில் ஒரு குழந்தை வீறிட்டது. கூடவே மனைவியின் குரல். கல்லூரியிலேயே காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். மரியாதையெல்லாம் அப்போதே ஒழிந்துபோயிற்று.

“டேய்! மேல வந்து ஒண்ணைத் தூக்கிக்கோ. ரெண்டு கைதான்டா எனக்கு இருக்கு!”

“கஸ்டமர் இருக்காங்கம்மா!”

“கஸ்டமர்கிட்ட ஒண்ணைக் குடு!”

டாக்டர் அசடு வழியச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல… குழந்தைங்க இருக்கா?”

“ரெட்டைங்கம்மா.”

அவள் சட்டென்று டேப்லெட்டை எடுத்துத் தலையணை உறைக்குள் திணித்தாள்.

“வேண்டாம்ணே. வேற கடைக்குப் போறேன்.”

இங்கேதான் டாக்டர் அவளைப் போக விட்டிருக்க வேண்டும். விடவில்லை. எழுந்தபோது அவள் ஒரு பக்கம் தள்ளாடினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நோய்த் தள்ளாட்டம் இல்லை. தூக்கமில்லாத் தள்ளாட்டம். டாக்டருக்கு அது அத்துப்படி.

“இந்த வெயில்ல இன்னொரு கடை தேடி எங்கம்மா அலைவீங்க? உக்காருங்க. மாட்டித்தான் பாப்போமே.”

அவள் நின்றாள். உறையைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வயரை மாட்டினார்.

டிங்.

டேப்லெட் திரை ஒளிர்ந்தது. நம்பர் கட்டங்கள் வந்தன. அவர் கை மேஜைமேல்தான் இருந்தது.

ஏழு என்ற கட்டம் அழுந்தி மீண்டது.

‘எங்க தொழில்ல இதுக்குப் பேரே பேய் டச்தான்’ என்று டாக்டர் சொல்வார். கண்ணாடி உடைந்தால் திரை தானாகவே கண்ட இடத்தில் அழுந்திக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பயப்படுவார்கள். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அதனால் அவர் பயப்படவில்லை.

இரண்டு அழுந்தியது. கொஞ்சம் இடைவெளி… ஐந்து.

பிறகு, அழிக்கிற அம்புக்குறி.

ஐந்து போயிற்று. அதே இடத்தில் ஆறு வந்தது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேய் டச் தாறுமாறாக அழுத்தும். ஆனால் தப்பாகப் போட்டதைத் திருத்தாது. இது கண் மங்கிய ஒரு வயசாளி தடவித் தடவி அழுத்துவது போலவே இருந்தது.

கடைசி எண்ணும் விழுந்தது. டேப்லெட் திறந்துகொண்டது. ‘இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா?’

அனுமதி.

“அம்மா, பாத்தீங்களா இதை?”

அவள் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தாள்.

வந்த வரைக்கும் லாபம் என்று டாக்டர் வேலையில் இறங்கினார். ஒரே ஃபோல்டர். இருநூற்றுச் சொச்சம் ரெகார்டிங். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. நடுநடுவே டேப்லெட் மறுபடி கேட்டது. அனுமதிக்கவா? ஒவ்வொரு முறையும், அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், பதில் அழுந்தியிருந்தது.

கம்ப்யூட்டருக்குள் போக யாரோ அவசரப்படுகிறமாதிரி.

ஃபைல் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஒன்றைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். பட்டியலில் கடைசியாக இருந்ததைத் திறந்தார். தேதி, முந்தின நாள். ஹெட்போனை மாட்டினார்.

இருட்டான ஓர் அறையின் சத்தம். மின்விசிறி. யாரோ தூங்குகிற மூச்சு. வெகுநேரம் அவ்வளவுதான். அப்புறம் மைக்குக்கு மிக அருகில், வறண்ட ஒரு கிசுகிசுப்பு.

“தூங்கிட்டியா?”

மூச்சு தடுமாறியது. யாரோ புரண்டு படுத்தார்கள். ஒரு பெண் விசும்பினாள்.

“தூங்கிட்டியா…?”

இன்னொன்றைத் திறந்தார். அதிலும் அதே கேள்வி. மற்றொன்றிலும் அதே. டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். பாவம் கிழவர், தூக்கம் வராத வியாதி போலிருக்கிறது. துணைக்கு வீட்டையே எழுப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார். எதிரே தூங்குகிறவளைப் பார்க்க இன்னும் பாவமாக இருந்தது.

பச்சைக் கோடு முடிந்தது. டேப்லெட் ஃபோல்டர் காலி. அதே நொடியில் திரை அணைந்தது. பிறகு எந்தச் சார்ஜரைச் செருகியும் அது ஒளிரவில்லை.

அவள் விழித்தாள். திருதிருவென்று சுற்றிலும் பார்த்தாள்.

“நான்… தூங்கினேனா?”

“நல்லா தூங்கினீங்க. வேலையும் முடிஞ்சுது. பென் டிரைவ்ல போட்டுத் தரட்டுமா?”

“வேண்டாம்!” அவள் எழுந்துவிட்டாள். “உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். நாளைக்கு வரேன்.”

கைபேசி எண்ணைக் கேட்டதற்குத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். டேப்லெட்டை எடுத்துக்கொள்ளவில்லை. தலையணை உறையைக்கூட விட்டுவிட்டுப் போனாள். ஷட்டர் வரை போனவள் திரும்பி, “குழந்தைங்களைப் பாத்துக்கோங்கண்ணே” என்றாள்.

அன்று ராத்திரி அதிசயமாகக் குழந்தைகள் சீக்கிரம் அடங்கின. டாக்டர் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

“தூங்கிட்டியா?”

மனைவி இப்படித்தான் கேட்பாள். கேட்டால் எழுந்துகொள்ள வேண்டும், அவர் முறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

“இல்லம்மா… இதோ எந்திரிக்கறேன்” என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

மனைவி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை அவள் கைவளைவில். இன்னொன்று தொட்டிலில்.

இரண்டும் அழவில்லை.

இரண்டும் விழித்திருந்தன. மாடிப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

படிக்குக் கீழே இருட்டு. அங்கிருந்து ஒரு சத்தம்.

டிக்…

டிக்… டிக்…

எலி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போர்வையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் விடியும்வரை படுக்கவில்லை.

வெளிச்சம் வந்த பிறகுதான் இறங்கினார்.

அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்ட் கேட்கிற கட்டம். அதில் ஒரு புள்ளி.

டிக். இரண்டாவது புள்ளி.

கொஞ்சம் யோசனை. ஒன்று அழிந்தது. வேறொன்று விழுந்தது.

டாக்டர் கீபோர்டின் வயரைப் பிடுங்கினார்.

டிக்.

கீபோர்ட் அவர் கையில் தொங்கியது.

டிக்.

யாரிடமும் சொல்லாத பாஸ்வேர்ட் அது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

அவர் மவுஸைப் பாய்ந்து பிடித்தார். அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தார். அழி.

‘அனுமதி மறுக்கப்பட்டது.’

மறுபடி. அழி.

‘அனுமதி மறுக்கப்பட்டது.’

ஃபோல்டரில் கடைசியாகப் புதிதாக ஒரு ரெகார்டிங் இருந்தது. இன்றைய தேதி. அதைத் திறக்க அவருக்குத் துணிவில்லை. முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று தெரியும். அதற்குப் பதில் சொல்கிற குரல் யாருடையது என்றும் தெரியும்.

மாடியில் விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது.

டாக்டர் அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது… அடித்துக்கொண்டே இருந்தது… எடுத்தாள். தூக்கத்தில் குழைந்த குரல்.

“அம்மா, நான் ரிப்பேர் கடை. உடனே கிளம்பி வாங்க. உங்க மாமாவோட ஃபைல் ஒண்ணும் என்கிட்ட இருக்கக் கூடாது. படுக்கையில இருந்தாலும் சரி, தூக்கிட்டாவது வாங்க. அவர்கிட்ட நான் பேசணும்!”

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது.

“மன்னிச்சிடுங்கண்ணே… மாமா தவறிப்போய் எட்டு மாசம் ஆச்சு. நேத்து ராத்திரிதான் எங்க வீட்ல எல்லாரும் தூங்கினோம்.”