கண்ணை எடுத்த கேமரா

என் மாமா பஞ்சையும் நூலையும் படம் எடுப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். நான்காம் வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கல்யாணத்தைப் படம் எடுப்பார்கள், காதுகுத்தைப் படம் எடுப்பார்கள், நூலை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர் அம்மாவின் தம்பி. துடியலூரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருந்த ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். நூலில் எங்கே பிசிறு தட்டியிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்பதைப் பெரிதாகப் படம் எடுத்து அதிகாரிகளிடம் காட்டுவது அவருடைய வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆலைக்குப் புதுக் கருவி ஒன்று வந்தது. பழைய ஜெர்மன் கேமராவையும் அதன் சாமான்களையும் கழித்துவிட்டார்கள். மாமா அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அந்தப் பைக்குள் இருந்தவற்றில் எனக்குப் பிடித்தது கேமரா அல்ல. கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் மாட்டுகிற, ஆர்மோனியம்போல மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு கறுப்புச் சாதனம்தான். மாமா அதைப் பெல்லோஸ் என்றார். அம்மா துருத்தி என்றாள். பக்கத்தில் இருந்த திருகைத் திருப்பினால் லென்ஸ் ஒரு கம்பியின்மேல் முன்னால் நகரும், துருத்தி விரியும். விரிய விரியச் சின்னது பெரிதாகும். ஆனால் உள்ளே வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். அதனால் லென்சை ஒட்டி ஒரு சின்ன ஃபிளாஷை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். அரிசிமணி அளவு ஆடினாலும் படம் கலங்கிவிடும் என்பதால், எடுக்கிறவர் எடுக்கப்படுகிறவர் இருவருமே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கட்டெறும்பு, எள்ளுப்பூ, அம்மாவின் புடவைக் கரை என்று எதையாவது எடுத்துப்போய், அடுத்த ஞாயிறு அட்டைப் படமாகக் கொண்டுவருவார். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். தன் பட்டறைத் திருகாணியின் மரையை அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, ஊட்டிக்குப் போற ரோடாட்டம் இருக்குதே என்று ஒரு வாரம் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என் கண்ணை எடுத்தார்.

"ஆடாம இருக்கோணும் அம்மணி. இமைக்கப்படாது" என்றார்.

அடுத்த வாரம் வந்த படத்தில் என் கண் தபால் அட்டை முழுக்க இருந்தது. இமைமுடிகள் வேல முள்போல இருந்தன. நடுவில் கிணற்றைப் போன்ற கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் எங்கள் ஜன்னல் கம்பிகளும், துருத்தியோடு குனிந்திருக்கும் மாமாவும் தெரிந்தார்கள். நான் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். என் தங்கைக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு எது கிடைத்தாலும் தனக்கும் வேண்டும் என்கிற வயது. தன் கண்ணையும் எடுக்கச் சொல்லி அழுதாள். அம்மா மடியில் பிடித்துக்கொள்ள, மாமா மூன்று படம் எடுத்தார்.

மறுவாரம் அந்தப் படங்கள் வரவில்லை. கழுவும்போது கெட்டுவிட்டன என்று சொல்லி மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை மாலை, ஆலைச் சீருடையோடு அவசரமாக வந்து நின்றார். அவர் வேலை நாளில் வந்ததே இல்லை. பாப்பாவின் வலது கண், இடது கண், பிறகு என் இரண்டு கண்கள், மறுபடியும் பாப்பா என்று ஒரு ஃபிலிம் சுருளையே முடித்தார். அவளுக்கு மட்டும் இத்தனை படமா என்று எனக்குக் கோபம். அவர் அன்று சிரிக்கவேயில்லை. பையைக்கூட எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து வந்தவர், என்னைப் புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்தார். ஒன்று என் கண். இன்னொன்று பாப்பாவின் இடது கண். என் கண்ணில் கறுப்பு இருந்த இடத்தில், அவளுக்கு வெந்த ஜவ்வரிசிபோல வெள்ளையாக ஏதோ இருந்தது.

"பாப்பா கண்ணு மினுங்குனதை நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா அம்மணி?"

பார்த்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். பொழுது சாய்ந்து டிவி வெளிச்சத்தில் சோறு ஊட்டும்போது, பக்கவாட்டில் திரும்பினால் பூனைக்குட்டிக்கு மின்னுவதுபோல மின்னும். அம்மாதான் முதலில் பார்த்தாள். என் தங்கத்துக்குக் கண்ணுக்குள்ள வைரம் என்று கொஞ்சுவாள். வெளியில் சொன்னால் கண்ணுபட்டுவிடும், யாரிடமும் சொல்லாதே என்று எனக்குக் கட்டளை. மாசி மாதம் காரமடைத் தேருக்குப் போயிருந்தபோதே அது இருந்தது. இவ்வளவையும் சொன்னேன்.

மாமா மாசியிலிருந்து விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே போய் அப்பாவிடம் அவர் சொன்னது, படத்தில் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது, நாளைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்பது மட்டும்தான். நான் சொன்னதை அவர் சொல்லவில்லை.

வீட்டில் விட்டுப்போக ஆள் இல்லாததால் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மாமா படங்களைப் பழுப்புக் கவரில் போட்டு எடுத்து வந்தார். டாக்டர் பாப்பாவின் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்தார், படங்களையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது, அது இன்னும் கண்ணைத் தாண்டிப் போகவில்லை, கண்ணை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்றார். அப்பா நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். அம்மா பாப்பாவின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"இந்த வெள்ளை எப்பத்துல இருந்து தெரியுதுங்கம்மா? முன்னாடி யாராச்சும் பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. இப்பப் போட்டோவுலதான் தெரிஞ்சுதுங்க" என்றாள் அம்மா.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். தாழ்வாரத்தில் குனிந்து, "எங்கிட்டச் சொன்னதை வேற எங்கியும் சொல்லீராத அம்மணி" என்றார். சொல்லிவிட்டு டாக்டர் அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தப்புச் செய்தவர்கள்தான் அப்படித் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது என் ஒன்பது வயது அறிவு.

பாப்பாவுக்குக் கண்ணை எடுத்தார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்தவள் மூன்றாம் நாளே ஓடியாடத் தொடங்கிவிட்டாள். அம்மாதான் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரியம்மா ஒருத்தி, அந்த ஃபிளாஷ் மின்னலாட்டமல்லோ அடிக்குது, பச்சைப்புள்ள கண்ணு தாங்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு மாமா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"உன்ற பொட்டியில அடிச்ச வெளிச்சந்தான் என்ற புள்ள கண்ணை அவிச்சுப்போட்டுது" என்றாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே என்று அப்பா தொடங்கினார். மாமா அவரை முடிக்க விடவில்லை.

"ஆமாங்க்கா. நான் அடிச்சிருக்கப்படாது" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா என்னென்னவோ சொன்னாள். சத்தம் பக்கத்து வீட்டுவரை கேட்டது. மாமா கைகளைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப்போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாத்துக்குடியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அவரே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்? கேமராப் பை எங்கள் பரண்மேல்தான் இருந்தது. ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினேன். ஊக்கை எடுத்துத் துருத்தியின் மடிப்பு மடிப்பாகக் குத்தினேன். என் தங்கை கண்ணுக்கு, என் தங்கை கண்ணுக்கு என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னேன். பிறகு ஒழுங்காக மடித்து, பழையபடி வைத்துவிட்டேன்.

சில வாரம் கழித்து மாமா பையை வாங்கிப்போக வந்தார். வாசலில் நின்றே துருத்தியை எடுத்து விரித்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். கறுப்புத் தோலில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊக்கா?"

தலையாட்டினேன். அடி விழும் என்று நினைத்தேன். "பரவால்ல, உடு" என்று சொல்லிவிட்டு அதை மடித்துப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் நூலைத் தவிர வேறெதையும் படம் எடுத்ததாக எனக்குத் தெரியாது.

நான் பெரியவளாகி, என் மகளுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில், டாக்டரம்மா அவள் கண்ணில் ஒரு விளக்கை அடித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். கண்ணுக்குள் கட்டி இருந்தால் நடுக் கறுப்பு வெள்ளையாக மின்னும், அதைப் பார்க்கத்தான் என்றார். கேமரா வெளிச்சம் கண்ணை ஒன்றும் செய்யாது என்றும், வீட்டில் எடுத்த ஒரு படத்தால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு என்றும் சொன்னார். கொஞ்சம் முன்னதாகவே பார்த்துவிட்டால் சில சமயம் கண்ணையும் காப்பாற்றிவிடலாமாம். வெளியே வந்து, ஊசி போட்ட வலியில் அழுகிற மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாமா அப்போது கோபிசெட்டிபாளையத்தில், அத்தையின் ஊரில் குடியிருந்தார். அடுத்த வாரமே போனேன். அன்றைக்கு ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டேன். அவர் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து நாலு நாளா அக்கா பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்துச்சு அம்மணி. என்னை வஞ்சு முடிச்சுப்போட்டு அன்னைக்குத்தான் எந்திரிச்சு சோறு தின்னுச்சாம். உங்கப்பா மில்லுக்கே வந்து சொல்லீட்டுப் போனாரு."

அந்தச் சோற்றைப் போட்டுக் கொடுத்தது நான்தான். மாமாவின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஏதாச்சும் இருக்குதா கண்ணு என்று கேட்டாள். தட்டில் சோறு வைத்து ரசம் ஊற்றினேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டால் பெரியவர்களுக்கு நன்றாகப் பசிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.