செருப்பில் நிற்கும் பிட்டுகள்

மருமகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரம் செதுக்கும் இயந்திரத்தில் மாட்டுகிற பிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுக்கிறாள். வெள்ளைத் தூள் வந்தால் பிட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வராவிட்டால், "இவன் ரிட்டையர் ஆயிட்டான்" என்று ஒதுக்கிவிடுவாள். தேறியவற்றைப் பழைய ரப்பர் செருப்பு ஒன்றில் வரிசையாகக் குத்தி நிறுத்துகிறாள். அந்தச் செருப்பு தன்னுடையது என்று தெரியவந்த அன்று மாமியார் வாசலில் ஒற்றைச் செருப்போடு கொஞ்ச நேரம் நின்றார்.

அது முதல் அதிர்ச்சி அல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டுப் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே கிடந்த கம்பிகளையும் மோட்டார்களையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக முடுக்கினாள். சட்டம் கோணலா என்று மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் சாப்பாட்டு மேசையில் நாலு ஓட்டை போட்டு இறுக்கிவிட்டாள். கணினியில் வரைந்ததை மரத்தில் தானாகச் செதுக்குகிற சிஎன்சி இயந்திரம் என்று மகன் விளக்கினான். மாமியார் காதில் எதுவும் ஏறவில்லை, ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மூவரும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

பிட்டுகளுக்குப் பேர் உண்டு. தட்டை முனைக்காரன் தடியன். வேண்டாத மரத்தை வழித்தெறிய. கூர் முனை ஊசிமூக்கன், எழுத்துக்கு. உருண்டை முனை மொட்டை. இலை, கொடி, வளைவுகளுக்கு. தடியனிலேயே இரண்டு தினுசு. "இது தூளை மேல அள்ளி வீசும் அத்தை, ஆனா மரத்தோட மேல்தோலை நாராப் பிச்சிடும். அது அமுக்கிட்டுப் போகும், தோல் தப்பிச்சிடும், தூள் உள்ளயே அடைச்சுக்கும். மனுஷங்க மாதிரிதான். ஒருத்தர்கிட்டயே எல்லாத்தையும் எதிர்பார்க்க முடியுமா?" யாரைச் சொல்கிறாள் என்று மாமியார் அன்று படுக்கப் போகும்வரை யோசித்தார்.

மாமியார் பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் படுக்கமாட்டார். மருமகளும் லேசுப்பட்டவள் அல்ல. ஒருவர் விட்டதை மற்றவர் சத்தமில்லாமல் சரிசெய்வதுதான் அந்த வீட்டின் மரியாதை. அதனால் சில நாள் சமையலில் உப்பு இரண்டு முறை விழும். ஒருவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடிப்பார்கள்.

இயந்திரத்துக்குக் கண் கிடையாது. மரத்தின் மேல்பரப்பு எங்கே என்று ஆள்தான் சொல்லவேண்டும். பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவே துண்டுக் காகிதத்தை வைத்து அசைத்துக்கொண்டே பிட்டை இறக்கினால் ஓரிடத்தில் காகிதம் மாட்டிக்கொள்ளும். அதுதான் பூஜ்யம், பொத்தானை அமுக்கிவிட வேண்டும். பிட்டை மாற்றினால் நீளம் மாறும், மறுபடி சொல்லவேண்டும். போன வாரம் மருமகள் மறந்துவிட்டாள். குட்டையான மொட்டை மரத்தைத் தொடாமல் வெகுநேரம் காற்றில் பூ செதுக்கியது. மாமியார் அதை மனதில் மட்டும் வைத்துக்கொண்டார்.

இப்போது மேசையில் இருப்பது நூலகத்தின் வாசிப்பறைக் கதவுக்கான பலகை. மரம் அவர்கள் கொடுத்தது, மாற்று கிடையாது. இது தேறினால் மற்ற அறைகளுக்கும் அவள்தான் செய்வாள். தேறாவிட்டால் பேசாமல் கண்ணாடிக் கடைக்கே போய்விடு என்று மகன் சொல்லியிருந்தான். இந்த மாதம் முடியும்வரைதான் அங்கே அவள் நாற்காலி காலியாக இருக்கும்.

எழுத்து முடிந்து, கொடியும் இலைகளும் பாக்கி. மொட்டையை மாட்டிய கையோடு போன் அடித்தது. பலகையை எடுத்துப்போக நூலகத்து ஆள் கிளம்பிவிட்டாராம். அவள் பால்கனிக்குப் போய்ப் பேச, மாமியார் மேசைக்கு வந்தார். தினமும் பார்த்ததுதான். செதுக்காத மூலையில் காகிதம் வைத்து, இறக்கி, மாட்டியதும் பொத்தானை அமுக்கினார். நிம்மதியாகச் சோபாவில் போய் உட்கார்ந்தார்.

மருமகள் காகிதம் வைப்பது முதல் பிட்டுக்கு மட்டும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்து வருகிற பிட்டை அளந்து, முந்தையதைவிட எவ்வளவு குட்டையோ அவ்வளவு கீழே இறங்கு என்று கணினியில் தட்டிவிடுவாள். கண்ணாடிக் கடைப் பழக்கம். திரும்பி வந்தவள், மாமியார் ஏற்கெனவே சரிசெய்தது தெரியாமல், அதையே தட்டி ஓடவிட்டாள்.

மொட்டை ஓர் இலையின் நடுவில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. மரம் கீச்சிட்டது, கருகல் வாடை எழுந்தது. நிறுத்துகிற சிவப்புப் பொத்தானில் அவள் கை விழுவதற்குள் பிட் பலகையைத் துளைத்து அடிப்பலகைக்குள் போய் முறிந்துவிட்டது.

மருமகள் ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். "கணக்கு சரியாத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். மாமியார் சும்மா இருந்திருந்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள்.

"நான்தான் காகிதம் வெச்சேன்" என்றார் மாமியார். "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே அத்தை."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மாமியார் தாங்கியிருப்பார். விடுதியில் வாங்காத பேச்சா. இந்த நிதானம் அவரைச் சோபாவோடு அழுத்தியது. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரு இலை ஓட்டையா இருந்தாத்தான் தப்பு" என்றாள் மருமகள். "எல்லா இலையும் ஓட்டைன்னா அதுதான் டிசைன். லைப்ரரிக்காரர் கொஞ்சம் உக்காரட்டும்."

முறிந்த பிட்டின் அடித்தண்டு மோட்டார் வாயில் சிக்கிக் கிடந்தது. கழற்ற இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று சுழலும் தண்டை அசையாமல் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. இத்தனை நாளும் ஒன்றை இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தனியாகவே சமாளித்துவந்தாள். இப்போது ஒன்றை நட்டில் மாட்டிவிட்டு, மற்றதைத் திரும்பிப் பார்க்காமலேயே மாமியார் பக்கம் நீட்டினாள்.