கடல்பாலத்தின் முழங்கை

அந்தச் சிறிய கடற்கரை ஊரின் மீன்பிடிப் பாலத்துக்குக் கட்டடக்கலை வரலாறு உண்டு. முதலில் மரப்பாலம் இருந்தது. அதன் நடுப்பகுதியைப் புயல் கொண்டுபோனது. மீதியை அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கெடுத்தார்கள்.

இருவரும் மேஸ்திரிகள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த பிறகே வேலையைத் தொடங்குவது பேரூராட்சியின் நல்வழக்கம். ஆகவே நேரத்தை மிச்சம்பிடிக்க, அண்ணன் கடல்முனையில் எஞ்சிய மரத்தட்டிலிருந்தும் தம்பி கரையிலிருந்தும் கான்கிரீட் தூண்களை நட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவில் பார்த்தால், இரண்டு பாலங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகப் பார்த்தன. இழுத்து வளைத்து ஒட்டிவைத்தார்கள். ஊர் அதற்கு முழங்கை என்று பெயரிட்டது. கோணல் யாருடையது என்பதற்கு மட்டும் விடை வரவில்லை. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பேரூராட்சியோ, ‘அலையின் வேகத்தைத் தணிக்கும் நுட்பம்’ என்று பலகை மாட்டிவிட்டுக் கௌரவமாக ஒதுங்கிக்கொண்டது.

வேலையை விட்ட பிறகு அண்ணன் தினமும் விடிந்ததும் முழங்கைக்கு அப்பால் போய் மீன் பிடிக்க உட்காருவார். மனைவி காலமாகிவிட்டாள், மகள் வெளியூரில். வீட்டில் அவருக்குப் பதில் சொல்வது குழாய் ஒன்றுதான், அதுவும் தண்ணீர் வராத வேளையில். தம்பி பிறகு வந்து முழங்கைக்கு இப்பால் உட்காருவான், முன்னதாகவே போய்விடுவான். நடுவில் தூண்டில் இரை விற்கும் தகரக் கொட்டகை. ஆனால் தம்பியின் தூண்டில் கழி நீளம். அதன் நுனி கூரைக்கு மேல் ஆடும். பயல் இருக்கிறான் என்று அண்ணனுக்கு ஒரு நிம்மதி. நுனி தெரியாத நாளில் மீன் கடித்தாலும் இழுக்க மனம் வராது.

அப்போதுதான் பாலத்தை நிமிர்த்தப்போவதாகப் பேரூராட்சி அறிவித்தது. நிமிர்த்தினால் நடுவிலிருக்கும் கொட்டகை போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டிவரும். தம்பி ரோஷக்காரன், அன்றே தூண்டிலைப் பரணில் போட்டுவிடுவான். இருக்கிற ஒரு துணையும் போய்விடும். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்து, முழங்கை போனால் அலை கடைவீதிக்கே வந்து சாமான் வாங்கும் என்று பயமுறுத்தினார். தாங்கள் எழுதிய பொய்யை ஒரு மேஸ்திரியின் வாயால் கேட்ட உறுப்பினர்கள் மெய்சிலிர்த்துத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

வாசலில் எழுத்தர் பிடித்துக்கொண்டார். நிமிர்த்தச் சொல்லி நச்சரித்ததே தம்பிதான் என்றார்.

“அவனுக்கு என்னவாம்?”

“கொட்டகை மறைக்குதாம் மேஸ்திரி. அண்ணன் வந்திருக்காரா இல்லையான்னு ஒண்ணுமே தெரியலயாம்.”

மறுநாள் விடிந்ததும் அண்ணன் முழங்கையைத் தாண்டவில்லை. தம்பியின் இடத்தில் உட்கார்ந்து, தம் இடம் இருக்கும் திசையைப் பார்த்தார். அவருடையது கழியில்லாத கைத்தூண்டில். கூரைக்கு மேல் வானம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமும் தம்பி பார்த்துக்கொண்டிருந்தது இந்தத் தகரத்தைத்தான்.

நீளக் கழியோடு வந்த தம்பி நின்றான். கழியைத் தோளிலிருந்து இறக்கினான்.

“அது என் எடம்.”

“தெரியும்” என்றார் அண்ணன். எழுந்திருக்கவில்லை.